‘ஃபேர்’ எது? நியாயமா, வெளுப்பா?

இங்கிலீஷ் பாஷையிலே நான்கே எழுத்துள்ள ஒரு வார்த்தை இருக்கின்றது. ‘ஃபேர்’ என்பது அது. இங்கிலீஷ் படிக்காதவர்கள்கூட இந்த வார்த்தையை அறிவார்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் கடைசல் மெஷின் ஓட்டுகிறவனும் அறிவான். ஆவடி மார்க்கெட்டில் காய் விற்கிற அம்மாளும் அறிவாள். பூந்தமல்லிப் பக்கத்துக் கிராமத்தில் களை பறிக்கிறவளும் அறிவாள். ஆனால் இவர்கள் எல்லோரும் அறிந்திருப்பது அந்த வார்த்தையின் ஒரே ஒரு அர்த்தத்தைத்தான். அது அவர்களுக்குக் கெடுதி செய்கிற அர்த்தம். அவர்களுக்கு நன்மை செய்யக்கூடிய இன்னொரு அர்த்தமும் அதே வார்த்தைக்கு உண்டு. அதை அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆகவே நாம் சொல்லப் புகுகின்றோம்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்லன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அகராதியைப் புரட்டிப் புரட்டித் தெரிந்துகொண்டதே. அந்த அகராதியில் இந்த வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று பாருங்கள். நியாயமானது, நேர்மையானது, ஒரு பக்கம் சாயாதது என்பது ஒரு அர்த்தம். அழகானது என்பது ஒரு அர்த்தம். வெளுத்த தோல், வெளிர்ந்த மயிர் என்பது ஒரு அர்த்தம். மப்பு மந்தாரம் இல்லாத தெளிந்த வானத்துக்கும், கப்பலுக்கு அநுகூலமான காற்றுக்கும் அதே வார்த்தை. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதிய பிரதி ‘ஃபேர் காப்பி’. பள்ளிக்கூடத்து மார்க்கு அட்டையில் ‘குட்’ என்பதற்குக் கீழே ‘ஃபேர்’ என்று போட்டால், ‘சுமார்’ என்று அர்த்தம்! ஆகவே, “எங்கள் பெண் நல்ல ஃபேர்” என்று பெருமை பேசுகிறவர்கள், வாத்தியார் கணக்குப்படி, “எங்கள் பெண் சுமார்” என்று சொன்னவர்களாகிறார்கள்.

பழைய இங்கிலீஷில் இந்த வார்த்தைக்கு இருந்த அர்த்தம் அழகு, இனிமை என்பதுதான். நியாயம் என்பதும் வெளுப்பு என்பதும் பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டவை. வெள்ளைக்காரன் தன் தோலைப் பார்த்தான். அதுதான் அழகு என்றான். அழகுக்கு இருந்த வார்த்தையையே அந்தத் தோலுக்கும் வைத்துக்கொண்டான். காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு. அதில் நமக்கொன்றும் வழக்கில்லை. ஆனால் கருப்புக் காக்கை தன் குஞ்சை விட்டுவிட்டுக் கொக்கின் குஞ்சைப் பொன் குஞ்சு என்று கொஞ்ச ஆரம்பித்தால், அந்தக் காக்கையின் புத்தியைப்பற்றி என்ன சொல்லுவது?

நிற்க, நியாயம் என்கிற அர்த்தத்தில் இந்த வார்த்தை நம் நாட்டில் எங்கெங்கே வழங்குகின்றது என்று பார்ப்போம். ரேஷன் கடைக்கு இங்கிலீஷில் ‘ஃபேர் பிரைஸ் ஷாப்’. அதைத் தமிழில் ‘நியாய விலைக் கடை’ என்று சரியாகத்தான் மொழிபெயர்த்திருக்கிறார்கள். யாரும் ‘சிவப்பு விலைக் கடை’ என்று எழுதவில்லை. 1948-ல் அமைக்கப்பட்ட ‘ஃபேர் வேஜஸ் கமிட்டி’ தொழிலாளியின் கூலியை மூன்று படியாகப் பிரித்தது. உயிர் பிழைத்து வேலை செய்யும் சக்தி கெடாமலிருக்கக் கொடுப்பது குறைந்தபட்சக் கூலி. பிள்ளைகளின் படிப்பு, நோய்க்கு மருந்து, முதுமைக்குக் கொஞ்சம் சேமிப்பு எல்லாம் அடங்கி மானமாக வாழக் கொடுப்பது வாழ்க்கைக் கூலி. இரண்டுக்கும் நடுவில், தொழிலின் சக்திக்குத் தக்கபடி கொடுக்க வேண்டியது நியாயக் கூலி. அம்பத்தூரிலே 1964-ல் தொழிற்பேட்டை வந்தது. ஆயிரக்கணக்கான பேர் அங்கே வேலைக்குப் போகிறார்கள். அவர்களில் இந்த மூன்று படியின் பெயரைக் கேட்டவர் எத்தனை பேர்? ‘ஃபேர்’ கிரீமின் பெயரைக் கேட்காதவர் எத்தனை பேர்? வாசகர்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

நம் ஆவடியிலே 1955 ஜனவரியில் காங்கிரஸ் மகாசபை கூடிற்று. ‘சோஷலிஸ்டு மாதிரியான சமுதாயம்’ அமைப்பதென்றும், தேசத்தின் செல்வத்தை எல்லோருக்கும் நியாயமாகப் பங்கிடுவதென்றும் தீர்மானம் போட்டார்கள். அங்கே அவர்கள் எழுதிய வார்த்தை ‘ஈக்விடபிள்’. இது ‘ஃபேர்’ என்பதற்கு அகராதியில் முதல் வரியிலேயே காணப்படுகிற மறுபெயர். இந்த அர்த்தம் நம் ஊர் மண்ணிலேயே பேசப்பட்ட அர்த்தம். அந்தத் தீர்மானம் எந்த மட்டும் நிறைவேறிற்று என்று இன்றைக்கு ஆவடியில் யாராவது கேட்கிறார்களா? கேட்பதில்லை. ஆனால் பெண் பார்க்கப் போகிற வீட்டில், “பெண் ஃபேரா?” என்று கேட்கத் தவறுகிறவர் உண்டா?

இன்னொன்று பாருங்கள். 1960-ஆம் வருஷத்து வாடகைச் சட்டத்தில் ‘ஃபேர் ரெண்ட்’, அதாவது நியாய வாடகை என்று ஒன்று இருந்தது. வீட்டுக்காரர் கேட்பது அதிகம் என்றால் அதிகாரியிடம் போய் நியாய வாடகை நிர்ணயம் செய்யச் சொல்லலாம். 2019 பிப்ரவரியில் புதுச் சட்டம் அமுலுக்கு வந்தது. பழைய சட்டம் போயிற்று. நியாய வாடகையும் அதோடு போயிற்று. வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒப்பந்தம் எழுதிக்கொள்வதே வாடகை என்றாயிற்று. குடிக்கூலி வீட்டில் காலம் தள்ளுகிற நம் ஜனங்களிடையே இதைப்பற்றி ஒரு பேச்சையும் காணோம். அடுத்த வருஷம், 2020-ல், ஒரு கிரீம் டப்பாவிலிருந்து அதே ‘ஃபேர்’ என்கிற வார்த்தையை எடுத்தார்கள். உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் எழுதின! சட்டத்திலிருந்து நியாயம் போனால் அது சேதியல்ல. டப்பாவிலிருந்து வெளுப்பு போனால் அது சேதி.

இந்த ‘ஃபேர்’ நம் கல்யாணச் சந்தையில் படுகிற பாட்டைச் சற்று கவனிப்போம். தரகர் பாஷை ஒரு தனிப் பாஷை. வெளுத்த பெண் ‘சிவப்பு’. அதற்கு அடுத்தபடி ‘நல்ல கலர்’. அப்புறம் ‘புதுநிறம்’. அப்புறம் ‘மாநிறம்’. பத்திரிகை விளம்பரத்தில் ‘கோதுமை நிறம்’ என்று ஒன்று. கோதுமையே விளையாத செங்கற்பட்டு, திருவள்ளூர் ஜில்லாக்களில், நெல்லும் கேழ்வரகும் தின்று வளர்ந்த பெண்ணுக்குக் கோதுமை நிறம் எங்கிருந்து வந்தது? கடைசியாகக் கருப்பு. ஆனால் கருப்பு என்று வாய்விட்டுச் சொல்லமாட்டார்கள். “நிறம் கொஞ்சம் மட்டு” என்பார்கள். அல்லது, “கருப்பானாலும் களையாக இருப்பாள்” என்பார்கள். தோழர்களே, அந்த ‘ஆனாலும்’ என்பதைக் கவனியுங்கள். “சிவப்பானாலும் களையாக இருப்பாள்” என்று யாராவது சொல்லிக் கேட்டதுண்டா? குற்றம் செய்தவனுக்குச் சிபார்சு பேசும்போதுதான் ‘ஆனாலும்’ வரும். பிறக்கும்போதே அந்தப் பெண் என்ன குற்றம் செய்தாள்?

இந்த ‘ஆனாலும்’ வெறும் வார்த்தையல்ல. அதற்கு விலை உண்டு. ஆவடிப் பக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் பெண் பார்க்க வந்தார்கள். பெண் ஐ.டி.ஐ. படித்து, தொழிற்சாலையில் சாமான்களின் அளவு சரிபார்க்கிற வேலையில் இருப்பவள். ஒரு மயிரிழை வித்தியாசத்தையும் கண்டுபிடித்து ஒதுக்கிவிடுவாள். பிள்ளை வீட்டார் பஜ்ஜியைத் தின்றுவிட்டு, “நிறம் மட்டாக இருக்கிறது, இன்னும் பத்துப் பவுன் சேர்த்துப் போடுங்கள்” என்றார்கள். பெண்ணைப் பெற்றவர் கையைப் பிசைந்தார். பெண் உள்ளேயிருந்து வந்து, “அப்பா, நான் மாதம் பிறந்தால் சம்பளம் கொண்டு வருகிறேன். என் நிறத்துக்கு ஏன் அபராதம் கட்டுகிறீர்கள்? இவர்கள் தராசே கோணல். இதில் நான் நிற்கமாட்டேன்” என்றாள். வந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். “வாயாடி” என்று பெயரும் வைத்துவிட்டுப் போனார்கள். வந்த பிள்ளையின் நிறம் என்ன என்று கேட்கிறீர்களா? தோசைக்கல் நிறம். ஆண் கருப்பாக இருந்தால் அது கம்பீரம்; பெண் கருப்பாக இருந்தால் அது பத்துப் பவுன். வரதட்சணையை 1961-லேயே சட்டம் தடுத்துவிட்டது. நிறத்துக்காகக் கேட்டால் அது வரதட்சணை அல்லவென்று எந்தச் சட்டத்தில் எழுதியிருக்கின்றது?

சத்தீஸ்கர் ஹைகோர்ட்டுக்கு ஒரு புருஷன் விவாகரத்துக் கேட்டுப் போனான். மனைவியோ, தன் கருப்பு நிறத்தைச் சொல்லி இழிவுபடுத்தித் துரத்தினார்கள் என்றாள். 2023-ல் கோர்ட்டார் புருஷனுக்கு விவாகரத்துக் கொடுக்க மறுத்ததோடு, வீட்டுக்குள்ளே பேசுகிற பேச்சே மாறவேண்டும் என்றும் சொன்னார்கள். நாம் சொல்வதும் அதுவே. இந்த நோய் அடுப்பங்கரையில் உற்பத்தியாவது. குழந்தை பிறந்தவுடன் ஆணா பெண்ணா என்று கேட்கிறார்கள், அடுத்த கேள்வி, “என்ன நிறம்?” கர்ப்பிணிக்குப் பாலில் குங்குமப்பூ போட்டுக் கொடுக்கிறார்கள். வயிற்றிலிருக்கும் பிள்ளைக்குச் சாயம் ஏற்றலாம் என்று நம்புகிற நாட்டில் பகுத்தறிவுக்கு எவ்வளவு வேலை இருக்கின்றது!

“இதெல்லாம் வெள்ளைக்காரன் விட்டுப்போன பழக்கம்” என்று சில தேசாபிமானிகள் சொல்லுவார்கள். வெள்ளைக்காரன் இதற்கு எண்ணெய் வார்த்தது வாஸ்தவம். ஆனால் விளக்கு நம் வீட்டு விளக்கு. வருணாசிரமம் என்கிறார்களே, அந்த ‘வருணம்’ என்கிற சமஸ்கிருத வார்த்தைக்கு அர்த்தம் என்ன? நிறம்! மனிதனை நாலு பிரிவாக்கினவன் அதற்கு வைத்த பெயரே நிறம். தமிழிலும் செம்மை என்றால் சிவப்பு. செம்மை என்றால் நேர்மை. கோணாத ஆட்சி செங்கோல். சிவப்புக்கும் நேர்மைக்கும் ஒரே சொல் நம்மிடமும் இருக்கிறது என்பதை மறைக்கவேண்டியதில்லை. ஆனால் செங்கோலைப் புகழ்ந்தவர்கள் அதன் நேர்மைக்காகப் புகழ்ந்தார்களே தவிர, அதற்கு என்ன வர்ணம் பூசியிருக்கிறது என்று பார்த்துப் புகழவில்லை.

கருப்பாய்ப் பிறந்த மேல்சாதிக்காரனையும் சிவப்பாய்ப் பிறந்த கீழ்சாதிக்காரனையும் நம்பாதே என்று ஒரு பழமொழி வைத்திருக்கிறார்கள். இதன் அயோக்கியத்தனம் ஒரு பக்கம் இருக்கட்டும். இதிலிருந்தே ஒரு உண்மை வெளியாகின்றதல்லவா? மேல்சாதி என்கிறவர்களில் கருப்பர் இருக்கிறார்கள். கீழ்சாதி என்று தள்ளப்பட்டவர்களில் சிவந்தவர் இருக்கிறார்கள். அதாவது சாதிக்கும் நிறத்துக்கும் போட்ட முடிச்சு இயற்கையில் அவிழ்ந்தே கிடக்கிறது. அதைப் பார்த்துச் சாதி பொய் என்று தெரிந்துகொள்வதற்குப் பதிலாக, அந்த மனிதனையே நம்பாதே என்று சொல்லிவைத்தார்கள்! வெளுத்தவன் பொய் சொல்லமாட்டான் என்று இன்றைக்கும் வேடிக்கையாகப் பேசிச் சிரிக்கிறார்கள். ‘ஃபேர்’ என்ற வார்த்தையின் இரண்டு அர்த்தங்களையும் ஒன்றாய்க் கட்டிப்போட்ட வேடிக்கை இது. வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவன் சுண்ணாம்பு குடித்துச் சாவான்.

நிறம் என்பது என்ன? தோலுக்குள்ளே ‘மெலனின்’ என்று ஒரு சாயப்பொருள். அதை உண்டாக்குகிற உயிரணுக்கள் வெள்ளைக்காரனுக்கும் நமக்கும் ஏறக்குறைய ஒரே எண்ணிக்கைதான். அவை எவ்வளவு சாயத்தை, எந்த வகைச் சாயத்தை உண்டாக்குகின்றன என்பதில்தான் வித்தியாசம். பூமத்திய ரேகைக்கு அருகில், நம்மைப்போல் பதின்மூன்று டிகிரியில் வாழ்கிறவர்களுக்கு வெயிலின் புற ஊதாக்கதிர் கடுமையாய் இருக்கும். அதிலிருந்து உடம்பைக் காக்கிற குடைதான் இந்தக் கருப்பு. வெயில் குறைந்த வடக்கு நாடுகளில், இருக்கிற கொஞ்ச வெயிலைக்கொண்டு ‘வைட்டமின் டி’ உண்டாக்கிக்கொள்ள வெளுத்த தோல் உதவுகிறது. ஆக, நிறம் என்பது அந்தந்தத் தேசத்து வெயிலுக்கு முன்னோர் உடம்பு எழுதிய கணக்கு. இதில் மேலென்ன, கீழென்ன? குடை பிடித்திருக்கிறவனைப் பார்த்து, குடையில்லாதவன் உயர்ந்தவன் என்பது எந்த ஊர் புத்தி?

இந்தக் குடையைக் கிழிப்பதற்குத்தான் 1975-ல் ‘ஃபேர் அண்டு லவ்லி’ என்கிற கிரீமை ஹிந்துஸ்தான் லீவர் கம்பெனியார் சந்தைக்குக் கொண்டு வந்தார்கள். கருப்பாயிருந்தால் வேலை இல்லை, கல்யாணம் இல்லை, பூசினால் எல்லாம் கிடைக்கும் என்று படம் காட்டினார்கள். அகில இந்திய ஜனநாயக மாதர் சங்கத்தார் கிளர்ச்சி செய்தபின், மகனில்லையே என்று தகப்பன் ஏங்க, மகள் கிரீம் பூசி உத்தியோகம் பெறுவதாய்க் காட்டிய விளம்பரம் 2003-ல் நின்றது. 2005-ல் ஆண்களுக்கென்று தனிக் கிரீம் ஒன்றை வேறொரு கம்பெனி கொண்டு வந்தது. பெண்களுக்கு மட்டுமே இருந்த அவமானம் ஆண்களுக்கும் கிடைத்தது. சமத்துவம் வந்துவிட்டதென்று சந்தோஷப்படலாம்! கருப்பரைத் தாழ்வாகக் காட்டக்கூடாதென்று விளம்பரக்காரர் சங்கமே 2014-ல் விதி செய்தது. 2020-ல் அமெரிக்காவில் ஜார்ஜ் ஃபிளாய்டு என்கிற கருப்பர் போலீஸ்காரரால் கொல்லப்பட்டு, உலகமெங்கும் கொதிப்பு எழுந்த பிறகு, ‘ஃபேர்’ என்பதை எடுத்துவிட்டு ‘குளோ’ என்று பெயர் மாற்றினார்கள். குளோ என்றால் பளபளப்பு. மறுபெயர் தேடுவதில் கம்பெனிக்காரரும் கல்யாணத் தரகரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். கள்ளுக்கடைக்குப் பால்கடை என்று பலகை மாட்டினால் உள்ளே இருப்பது மாறிவிடுமா?

பெயர் பெற்ற கிரீம் இருக்கட்டும். சில்லறைக் கடைகளில், பெயர் தெரியாத டப்பாக்களில் விற்கிறார்களே, அவைதான் பெரிய ஆபத்து. சிலவற்றில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருக்கும். முதலில் வெளுத்ததுபோல் தெரியும். நாளாக நாளாகத் தோல் மெலியும், சிவந்து எரியும், பரு கிளம்பும், மயிர் முளைக்கும். நிறுத்தினால் முன்னிலும் மோசமாகும். இப்படிப்பட்ட ஸ்டீராய்டு பூச்சுகள் பலவற்றை டாக்டர் சீட்டில்லாமல் விற்கக்கூடாதென்று 2018-ல் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. வேறு சிலவற்றில் பாதரசம். கேரளத்து மலப்புறம் ஜில்லாவில் வெளுப்புக் கிரீம் பூசியவர்களுக்கு மூத்திரக்காய் கெட்டுப்போனதை டாக்டர்கள் கண்டறிந்து 2023-ல் எச்சரித்தார்கள். முகத்துக்குப் பூசினது வயிற்றுக்குள் போய் வேலை செய்கின்றது. ஆகையால் தாய்மார்களே, பெயரும் சேர்மானமும் அச்சிடாத டப்பாவை வீட்டுக்குள் விடாதீர்கள். ஏற்கெனவே பூசி முகம் எரிந்தால், வெட்கப்படாமல் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோல் டாக்டரிடம் டப்பாவோடு போய்க் காட்டுங்கள்.

பக்தர்களுக்கும் ஒரு வார்த்தை. பூந்தமல்லிக்குப் பக்கத்தில் திருவேற்காட்டில் ஒரு அம்மன். பெயர் கருமாரி. பெயரிலேயே கருமை! ஞாயிற்றுக்கிழமையானால் எத்தனை கூட்டம்! “தாயே, என் மகனுக்குச் சிவப்பான பெண் கிடைக்கவேண்டும்” என்று அந்தக் கருமாரியிடமே வேண்டிக்கொள்ளுகிறவர்களும் அந்தக் கூட்டத்தில் உண்டு. காளி கருப்பு, கண்ணன் கருப்பு, ஊர் எல்லையில் நிற்கிற கருப்பசாமியும் கருப்பு. கல்லிலே கருப்பைக் கண்டால் விழுந்து கும்பிடுகிறான். மனுஷியிடம் கருப்பைக் கண்டால் பத்துப் பவுன் கேட்கிறான். சாமி உண்டா இல்லையா என்கிற வழக்கைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இவனுக்கு மானம் உண்டா என்பதை முதலில் பார்ப்போம்.

“அவரவர் விருப்பம், இதில் நீ யார் கேட்பதற்கு?” என்பவர்கள் உண்டு. விருப்பம் எங்கிருந்து வந்தது? அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்கிற கருப்பினத் தம்பதிகள், 1940-ஐ ஒட்டிய வருஷங்களில் சின்னக் குழந்தைகளிடம் வெள்ளைப் பொம்மையையும் கருப்புப் பொம்மையையும் காட்டி, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். கருப்புக் குழந்தைகளிலேயே பெரும்பாலோர் வெள்ளைப் பொம்மையைக் காட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் நிறம் பிரித்து வைப்பது சட்டவிரோதம் என்று அந்நாட்டு சுப்ரீம் கோர்ட்டு 1954-ல் தீர்ப்பளித்தபோது இந்தச் சோதனையையும் சான்றாக எடுத்துக்கொண்டது. அந்தக் குழந்தைகளின் கையைப் பிடித்து யாரும் வெள்ளைப் பொம்மையைக் காட்டச் சொல்லவில்லை. அதுவும் ‘விருப்பம்’தான். தன்னைத் தானே இழிவாய் நினைக்கும்படி பழக்கிவிட்டு, அதற்கு விருப்பம் என்று பெயர் வைப்பது, அடிமைக்குச் சங்கிலி பிடித்திருக்கிறது என்று சொல்வதற்குச் சமானம்.

சென்னையிலே 2009-ல் ‘விமன் ஆஃப் வொர்த்’ என்கிற ஸ்தாபனத்தார், கருப்பும் அழகே என்று ஒரு பிரசாரம் ஆரம்பித்தார்கள். அது நல்ல காரியம். ஆயினும் நாம் இன்னும் ஒரு படி மேலே போய்க் கேட்கிறோம். கருப்பும் அழகு என்று சொல்லிப் பெண்ணை அதே அழகுத் தராசில் மறுபடியும் ஏன் ஏற்றவேண்டும்? அழகில்லாதவளுக்கு மட்டும் மானம் குறைவா? நமக்கு வேண்டியது அழகுப் பட்டம் அல்ல, நியாயம். ‘ஃபேர்’ என்ற வார்த்தையின் மற்ற அர்த்தங்களையெல்லாம் கம்பெனிக்காரனுக்கே விட்டுவிடுவோம். இந்த ஒன்றை நாம் எடுத்துக்கொள்வோம்.

ஆகவே வாலிபத் தோழர்களே! பெண் பார்க்கப் போகிறபோது நிறத்தைப்பற்றி உங்கள் வீட்டார் வாய் திறந்தால், அந்த இடத்திலேயே தடுங்கள். பிற்பாடு அறையில் வந்து வருத்தப்படுவதில் பிரயோசனமில்லை. ஜாதகத்தோடு கொடுக்கிற காகிதத்தில் ‘நிறம்’ என்றிருக்கிற வரியை அடித்துவிடுங்கள். ஜாதகத்தையும் சேர்த்து அடித்தால் இன்னும் நல்லது. பெற்றோர்களே! நிறத்துக்கென்று ஒரு குன்றுமணிப் பொன்னும் கூடுதலாகப் போடமாட்டோம் என்று சொல்லுங்கள். போட்டால் உங்கள் மகள் மட்டமென்று நீங்களே கையெழுத்துப் போட்டதாகும். தாய்மார்களே! குழந்தையை ‘கருப்பி’, ‘கருவாயா’ என்று ஏசுவதை அடியோடு விடுங்கள். தொழிலாளத் தோழர்களே! ‘ஃபேர்’ என்கிற வார்த்தையைக் கேட்டால், “எது ஃபேர்? கூலி ஃபேரா? வாடகை ஃபேரா? சம வேலைக்குப் பெண்ணுக்குச் சம சம்பளம், அது ஃபேரா?” என்று திருப்பிக் கேளுங்கள்.

தோல் வெளுத்து நியாயம் கருத்துப்போன வீடு நமக்கு வேண்டாம். தோல் கருத்திருக்கட்டும், நடத்தை ஃபேராக இருக்கட்டும்.